சிர்கோனியா: வெப்பம் தாங்கும் ஆக்சைடு பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வேதியியல் படிக்கிறவர்கள், லேபில் மூசையும் (பொருளை உருக்கவும் சுடவும் வைக்கும் பாத்திரம்) உலையுமாக வேலை செய்கிறவர்கள், வண்டியின் ஆக்சிஜன் சென்சார் போய்விட்டதே என்று தேடி வருகிறவர்கள், நகைக்கடையில் வாங்கிய கல்லைப் பற்றிக் கேட்கிறவர்கள் என்று பலரும் சிர்கோனியாவைப் பற்றித்தான் கேட்கிறார்கள், பெரும்பாலும் அது ஒரே பொருள் என்று தெரியாமலே. அந்தக் கேள்விகளை இங்கே சேர்த்திருக்கிறேன். வரிசையாகப் படிக்க வேண்டியதில்லை, ஆனால் மூன்றாவது, ஐந்தாவது கேள்விகளை மட்டும் தாண்டிப் போகாதீர்கள், மற்றதெல்லாம் அங்கிருந்துதான் கிளைக்கிறது.

சிர்கோனியம், சிர்கோனியா, சிர்க்கான் மூன்றும் ஒன்றா?

இல்லை. சிர்கோனியம் என்பது உலோகம். அதன் ஒரு அணுவோடு இரண்டு ஆக்சிஜன் அணு சேர்ந்தால் சிர்கோனியா, அதாவது சிர்கோனியம் டை ஆக்சைடு, வெள்ளைப் பொடி. சிர்க்கான் என்பது மண்ணில் கிடைக்கும் தாது, சிர்கோனியம் சிலிக்கேட். கடைக்காரர் மூன்றையும் மாற்றி மாற்றிச் சொல்வார், ஆர்டர் போடும்போது நீங்கள்தான் சரிபார்க்க வேண்டும். இந்தக் குழப்பத்தால் மூசை வாங்குவதில் வரும் சிக்கலைக் கீழே தனியாகச் சொல்கிறேன்.

எவ்வளவு சூடு தாங்கும்?

சுமார் 2,715 டிகிரி செல்சியஸில்தான் உருகும். ஒப்பிட்டுப் பார்க்க வேண்டுமானால், பிளாட்டினம் 1,768 டிகிரியில் உருகிவிடும், லேபில் எல்லோரும் பயன்படுத்தும் அலுமினா, அதாவது அலுமினிய ஆக்சைடு, 2,072 டிகிரியில் உருகும். மக்னீசியாவும் (மக்னீசியம் ஆக்சைடு) தோரியாவும் (தோரியம் ஆக்சைடு) சிர்கோனியாவை விட இன்னும் மேலே போகும். ஆகவே உருகுநிலை மட்டும்தான் கணக்கு என்றால் சிர்கோனியா முதலிடத்தில் இல்லை. அதற்கு இவ்வளவு மதிப்பு வந்த காரணம் வேறு.

சரி, அப்படியானால் சுத்தமான சிர்கோனியாவை அழுத்திச் சுட்டு மூசை செய்துவிடலாமே?

செய்து பார்த்தவர்கள் எல்லோருக்கும் ஒரே பலன்தான் கிடைத்தது: உலையில் நன்றாக இருந்த பாத்திரம் ஆறும்போது பொடிப்பொடியாக உடைந்து போகும்.

காரணம் படிக அமைப்பு. சாதாரண வெப்பத்தில் சிர்கோனியா ஒற்றைச்சரிவு அமைப்பில் இருக்கிறது. சுமார் 1,170 டிகிரியைத் தாண்டினால் நாற்கோண அமைப்புக்கு மாறும், சுமார் 2,370 டிகிரிக்கு மேல் கனசதுர அமைப்புக்கு. ஏறும்போது தொல்லை குறைவு. இறங்கும்போது நாற்கோணத்திலிருந்து ஒற்றைச்சரிவுக்குத் திரும்பும் அந்த ஒரு கட்டத்தில் பருமன் ஏறத்தாழ 4 சதவீதம் பெருக்கிறது. வளையவே வளையாத ஒரு பீங்கானுக்குள் திடீரென்று 4 சதவீதம் என்றால் விரிசலைத் தவிர வேறு வழியில்லை. அணுக்கள் மெல்ல நகர்ந்து இடம் மாறும் மாற்றமும் அல்ல இது, எஃகைத் தணிக்கும்போது நடப்பது போல ஒரே வீச்சில் நடக்கும் வகை. மெதுவாக ஆறவைத்தாலும் தப்பிக்க முடியாது.

இதற்கு வழி சொன்னது 1929இல் ரூஃப், எபெர்ட் இருவரும் செய்த வேலை. சிர்கோனியாவோடு வேறு ஒரு ஆக்சைடைக் கொஞ்சம் கலந்து சுட்டால் கனசதுர அமைப்பு அறை வெப்பம் வரை அப்படியே நிற்கும். முதலில் மக்னீசியாவும் சுண்ணாம்பும் பயன்பட்டன, பிறகு இட்ரியா, அதாவது இட்ரியம் ஆக்சைடு, வந்து முன்னே நின்றது. இன்று கடையில் சிர்கோனியா மூசை, குழாய், பந்து என்று எதைக் கேட்டாலும் உங்களுக்கு வருவது இப்படி நிலைப்படுத்திய சிர்கோனியாதான். பட்டியலில் 3ஒய், 8ஒய் என்று போட்டிருப்பது இட்ரியாவின் மோல் சதவீதம். 8 என்றால் முழுக்கக் கனசதுரம். 3 என்றால் சின்னச் சின்ன நாற்கோணத் துகள்கள் மாறாமல் அடங்கியிருக்கும் வகை, உடையாத உறுதிக்குப் பேர் போனது.

3 போட்டதுக்கு ஏன் உறுதி அதிகம்?

மூசையை உடைத்த அதே பருமப் பெருக்கம்தான் இங்கே காப்பாற்றுகிறது. ஒரு விரிசல் ஓடி வரும்போது அதன் முனையில் இருக்கும் நாற்கோணத் துகள்கள் அழுத்தம் தளர்ந்ததும் ஒற்றைச்சரிவுக்கு மாறி விரிகின்றன, விரிந்து விரிசலின் வாயை இரு பக்கமும் நெருக்கி மூடுகின்றன. 1975இல் ஆஸ்திரேலியாவில் கார்வியும் கூட்டாளிகளும் இதை 'நேச்சர்' இதழில் வெளியிட்டபோது தலைப்பே 'பீங்கான் எஃகா?' என்ற கேள்விதான். பல் மருத்துவர் பல்லின் மேல் வைக்கும் வெள்ளைத் தொப்பி, மருத்துவமனையின் பீங்கான் கத்தி, துணிக்கடைக் கத்திரிக்கோல் எல்லாம் இந்தக் குடும்பம்.

இட்ரியா கலப்பதால் உடையாமல் இருக்கிறது, அவ்வளவுதானா?

அவ்வளவுதான் என்றிருந்தால் இது ஒரு நல்ல உலைக்கல், அதோடு கதை முடிந்திருக்கும். எனக்கு இந்தப் பொருளின் மேல் இவ்வளவு பிடிப்பு வந்ததே இனி சொல்லப்போகிற விஷயத்தால்தான்.

சிர்கோனியம் அயனிக்கு நான்கு நேர்மின் ஏற்றம். அதன் இடத்தில் போய் உட்காரும் இட்ரியத்துக்கு மூன்றுதான். ஏற்றக் கணக்கு சரியாக வேண்டுமே, அதனால் இரண்டு இட்ரியம் உள்ளே வந்தால் ஒரு ஆக்சிஜன் இடம் காலியாக விடப்படுகிறது. 8 மோல் சதவீதம் கலந்ததில் கணக்குப் போட்டால் 27 ஆக்சிஜன் இடங்களில் ஒன்று காலி. 15 எண்களும் ஒரு வெற்றுக் கட்டமுமாக நகர்த்தி விளையாடும் பலகை நினைவிருக்கிறதா, வெற்றுக் கட்டம் ஒன்று இருப்பதால்தான் மற்ற எண்கள் நகர முடிகிறது, இங்கேயும் அதேதான். சூடு ஏறினால் பக்கத்து ஆக்சிஜன் அயனி காலி இடத்துக்குத் தாவும், அது விட்டுப்போன இடத்துக்கு அடுத்தது தாவும்.

ஆக, கல்லாகக் கெட்டிப்பட்ட ஒரு பீங்கான், வாயு ஒரு துளி கசியாது, எலக்ட்ரான் கடக்காது, ஆனால் ஆக்சிஜன் மட்டும் அயனி வடிவில் ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கம் போகும். விரிசலைத் தடுக்கப் போட்ட மருந்தே ஆக்சிஜனுக்கு வழியையும் திறந்துவிட்டது. சென்சார், எரிபொருள் கலம், செவ்வாயில் ஆக்சிஜன் எடுத்தது எல்லாம் இந்த ஒரு குணத்தால்.

வண்டியில் இருக்கும் ஆக்சிஜன் சென்சார் எப்படி வேலை செய்கிறது?

புகைக்குழாயில் திருகியிருக்கும் அந்தச் சிறு உருளைக்குள் ஒரு பக்கம் மூடிய சிர்கோனியா விரல் இருக்கிறது. உள்பக்கமும் வெளிப்பக்கமும் துளைகளுள்ள பிளாட்டினப் பூச்சு. உள்ளே வெளிக்காற்று, வெளியே புகை. ஆக்சிஜன் அதிகமுள்ள பக்கத்திலிருந்து குறைந்த பக்கத்துக்கு அயனிகள் போகப் பார்க்கும், எலக்ட்ரானால் கூடவே போக முடியாது, அதனால் இரண்டு பூச்சுகளுக்கும் இடையே மின்னழுத்தம் உண்டாகிறது. எவ்வளவு என்று நெர்ன்ஸ்ட் சமன்பாடு சொல்லிவிடும்: 700 டிகிரியில், இரு பக்க ஆக்சிஜன் அழுத்தம் 10 மடங்கு வேறுபட்டால் சுமார் 48 மில்லிவோல்ட்.

பெட்ரோல் தேவைக்கு மேல் இருந்தால், பிளாட்டினத்தின் மேல் மிச்ச ஆக்சிஜனும் எரிந்து தீர்ந்து, அழுத்தம் பத்தின் பல அடுக்குகள் கீழே விழுந்துவிடும், சென்சார் 0.9 வோல்ட்டை ஒட்டிக் காட்டும். காற்று மிகுந்தால் 0.1 வோல்ட்டுக்குப் பக்கத்தில். இரண்டுக்கும் நடுவே செங்குத்தாக மாறும் அந்தப் புள்ளிதான் ஒரு பங்கு பெட்ரோலுக்கு 14.7 பங்கு காற்று என்ற சரியான எடைக் கணக்கு, எஞ்சின் கணினி அதைச் சுற்றியே ஊசலாட்டி வைக்கிறது. கார்களில் இது முதலில் 1976இல் வால்வோவில் வந்தது, செய்து கொடுத்தது பாஷ். நம் ஊர் மோட்டார் சைக்கிள்களில் 2020 ஏப்ரலில் பி.எஸ். 6 என்ற புகை விதிமுறை வந்ததும் பரவலாகிவிட்டது.

சுமார் 300 டிகிரிக்குக் கீழே அயனிகள் போதுமான அளவு நகராது. அதனால்தான் சென்சாருக்குள் ஒரு ஹீட்டர் வைத்திருக்கிறார்கள், பழுது என்று வருபவற்றில் சிர்கோனியா நன்றாக இருந்து ஹீட்டர் மட்டும் போயிருப்பதும் உண்டு. மாற்றும் முன் ஹீட்டரின் தடையை மல்டிமீட்டரில் பார்த்துவிடுங்கள்.

லேபுக்கும் இதற்கும் தொடர்பு?

நிறைய. உலைக்குள் எவ்வளவு ஆக்சிஜன் இருக்கிறது, ஆர்கான் சிலிண்டர் சொன்ன அளவுக்குச் சுத்தமா, கொதிகலன் புகையில் எவ்வளவு மிச்சம் என்பதை அளக்கும் அனலைசர்களின் உள்ளே இருப்பதும் இதே கலம்தான். எஃகு ஆலையில் உருகிய எஃகுக்குள்ளேயே ஒரு குச்சியை முக்கி, கரைந்திருக்கும் ஆக்சிஜனைச் சில நொடிகளில் படிக்கிறார்கள், அந்தக் குச்சி முனையில் இருப்பது மக்னீசியா கலந்த சிர்கோனியா. 1,600 டிகிரித் திரவத்துக்குள் மின்வேதியியல் அளவீடு நடக்கிறது என்பதை நினைத்தால் இன்னும் எனக்குப் பிரமிப்புத்தான்.

நெர்ன்ஸ்ட் பேரில் ஒரு விளக்கும் இருந்ததாமே?

ஆமாம். 1897இல் கோட்டிங்கனில் இருந்த வால்தர் நெர்ன்ஸ்ட் இட்ரியா கலந்த சிர்கோனியாக் குச்சியில் மின்சாரம் விட்டு ஒளிர வைத்தார். ஆக்சைடு என்பதால் மேலும் எரிந்து போக ஒன்றுமில்லை, வெற்றிடக் குமிழ் வேண்டாம், திறந்த காற்றிலேயே எரியும். ஒரே தொல்லை, குளிர்ந்திருக்கும்போது மின்சாரம் கடக்காது, முதலில் சூடேற்றிக் கொடுக்க வேண்டும். டங்ஸ்டன் இழை வந்ததும் வீட்டு விளக்காக மறைந்தது, ஆனால் அகச்சிவப்பு நிறமாலைமானியில் ஒளிமூலமாக நெடுங்காலம் நின்றது. பழைய பாடப்புத்தகங்களில் நெர்ன்ஸ்ட் குளோவர் என்று வருவது இதுதான்.

எரிபொருள் கலம், செவ்வாய் என்றெல்லாம் சொன்னீர்களே?

சென்சாரில் மின்னழுத்தத்தை மட்டும் படிக்கிறோம். மறுபக்கம் ஹைட்ரஜனோ இயற்கை வாயுவோ கொடுத்து, வந்து சேரும் ஆக்சிஜன் அயனியை அதனோடு எரியவிட்டு, எலக்ட்ரானை வெளிக்கம்பி வழியாகச் சுற்றவைத்தால் அது திட ஆக்சைடு எரிபொருள் கலம். 1937இலேயே பவுர், பிரைஸ் இருவரும் செய்து காட்டிவிட்டார்கள். பெரும்பாலும் 600 முதல் 1,000 டிகிரி வரை வேண்டும், அதனால் ஒட்டுப் பொருள்களும் உலோகப் பாகங்களும் படும் பாட்டைத் தீர்ப்பதுதான் இதுவரைக்கும் பெரிய வேலை.

மின்சாரத்தைத் தலைகீழாகச் செலுத்தினால் ஆக்சிஜனை இழுத்து வெளியே எடுக்கலாம். நாசாவின் பெர்சிவியரன்ஸ் ஊர்தியோடு செவ்வாய்க்குப் போன மாக்ஸி கருவி செய்தது அதுவே. செவ்வாயின் கார்பன் டை ஆக்சைடை 800 டிகிரியில் சிர்கோனியாத் தகட்டின் மேல் விட்டு ஆக்சிஜனைப் பிரித்தது, அதில் கலந்தது இட்ரியா அல்ல, ஸ்கேண்டியா (ஸ்கேண்டியம் ஆக்சைடு). 2021 ஏப்ரல் 20 அன்று முதல் ஓட்டத்தில் சுமார் 5.4 கிராம், 2023 ஆகஸ்டில் முடிக்கும்போது 16 ஓட்டங்களில் மொத்தம் 122 கிராம்.

லேபுக்கு சிர்கோனியா மூசை எப்போது வாங்கலாம்?

என் கருத்து: 1,600 டிகிரிக்குக் கீழே சாதாரண ஆக்சைடுப் பொடிகளைச் சுடுவதற்கு அலுமினா போதும், விலையும் குறைவு. அலுமினா உங்கள் சாம்பிளோடு வினைபுரிகிறது, அல்லது பிளாட்டினம், பல்லேடியம் வகை உலோகங்களை, நிக்கல் உலோகக்கலவைகளை உருக்கப் போகிறீர்கள் என்றால் சிர்கோனியா சரி. டைட்டானியம் உருக்க நினைக்காதீர்கள், உருகிய டைட்டானியம் சிர்கோனியாவிலிருந்தே ஆக்சிஜனைப் பிடுங்கிக்கொள்ளும். கிராஃபைட்டைத் தொட்டபடி மிக உயர்ந்த வெப்பத்தில் வைத்தால் கார்பைடு உண்டாகும். லித்தியம் உப்புகள் அலுமினாவையும் அரிக்கும், சிர்கோனியாவோடும் சேர்ந்து சிர்கோனேட் ஆகும், அந்த வேலைக்கு மக்னீசியா மூசையைப் பாருங்கள். வெற்றிடத்திலோ ஹைட்ரஜனிலோ சுட்ட மூசை கறுத்துப் போனால் பயப்பட வேண்டாம், கொஞ்சம் ஆக்சிஜன் இழந்திருக்கிறது, காற்றில் மறுபடி சூடேற்றினால் வெளுக்கும்.

சூடேற்றும் வேகம் முக்கியம். சிர்கோனியா வெப்பத்தை மிக மோசமாகக் கடத்துகிறது, அறை வெப்பத்தில் அலுமினாவில் ஏறத்தாழப் பத்தில் ஒரு பங்குதான். வெளிச்சுவர் சிவந்திருக்கும்போது உள்சுவர் பின்தங்கியிருக்கும். நிமிடத்துக்கு 3 முதல் 5 டிகிரி என்று போங்கள், சூடான மூசையை இடுக்கியில் எடுத்து டைல்ஸ் மேல் வைக்கவே வைக்காதீர்கள்.

சோடியம் பெராக்சைடு உருக்கலுக்கு 'சிர்கோனியம் மூசை' என்று செய்முறையில் இருக்கிறது, சிர்கோனியாவில் செய்யலாமா?

வேண்டாம். அது உலோக மூசை, சாம்பல் நிறத்தில் பளபளப்பாக இருக்கும். தாதுக்களைப் பெராக்சைடோடு உருக்கிக் கரைப்பதற்கு அந்த உலோகம் நன்றாகத் தாக்குப்பிடிக்கும் என்பதால் அதைச் சொல்கிறார்கள். வெள்ளைப் பீங்கான் மூசையை அங்கே வைத்தால் அந்தத் திடீர்ச் சூட்டிலேயே வெடிக்கலாம்.

உலையின் வெப்பத்தை இரண்டு உலோகக் கம்பிகளால் அளக்கும் தெர்மோகப்பிளுக்கு உறையாகப் போடலாமா?

மிக உயர்ந்த வெப்பத்தில் கம்பிகளைத் தொடும்படி போடாதீர்கள். அறை வெப்பத்தில் மின்காப்பு, சிவந்தால் மின்கடத்தி, ஆக இரண்டு கம்பிகளுக்கு நடுவே கசிவு வந்து அளவு தப்பும். அலுமினா உறையே நல்லது.

வினையூக்கியாகவும் பயன்படுகிறதா?

ஆமாம், இரண்டு விதமாக. வேறு உலோகங்களைத் தாங்கும் பரப்பாக ஒன்று: புகைக்குழாய் வினையூக்கியில் சீரியாவும் (சீரியம் ஆக்சைடு) சிர்கோனியாவும் கலந்த பொடி, ஆக்சிஜனை மிஞ்சும்போது வாங்கி வைத்துக் குறையும்போது கொடுக்கிறது. தாமிரத்தைச் சிர்கோனியா மேல் வைத்து கார்பன் டை ஆக்சைடிலிருந்து மெத்தனால் செய்யும் ஆய்வுகளும் நிறைய.

மற்றது தானே வினையூக்கியாக. 1979இல் ஜப்பானில் ஹினோவும் அராதாவும், சிர்கோனியம் ஹைட்ராக்சைடைக் கந்தக அமிலத்தில் நனைத்துச் சுட்டால் வரும் பொடி, பியூட்டேன் போன்ற மந்தமான மூலக்கூறையே அறை வெப்பத்தை ஒட்டிய நிலையில் மாற்றியமைக்கிறது என்று காட்டினார்கள். இதை அதிஅமிலம் என்று சொல்லலாமா என்பதில் பிற்பாடு பெரிய விவாதம் நடந்தது, அது எப்படியானாலும் வேலை செய்கிறது என்பதில் சந்தேகமில்லை. சுத்திகரிப்பு ஆலைகளில் நேர்ச்சங்கிலி ஹைட்ரோகார்பன்களைக் கிளைச்சங்கிலியாக்கி ஆக்டேன் எண்ணை ஏற்றுவதற்கு இந்த வகை வந்தது. திரவமாக அமிலத்தைக் கையாள வேண்டியதில்லை, கரி படிந்தால் காற்றில் எரித்து மறுபடி பயன்படுத்தலாம்.

கலவைகளைப் பிரித்தறியும் குரோமடோகிராபியில்?

திரவக் கலவையை அழுத்தத்தில் செலுத்திப் பிரிக்கும் எச்.பி.எல்.சி. கருவியில் சிலிகா நிரப்பிய குழாய் (காலம், column) பி.எச். 8ஐத் தாண்டினால் மெல்லக் கரையும். மின்னசோட்டா பல்கலைக்கழகத்தில் பீட்டர் கார் குழுவினர் வளர்த்த சிர்கோனியாக் காலம் பி.எச். 1 முதல் 14 வரை தாங்கும், 200 டிகிரி வரைகூடச் சூடேற்றலாம். ஆனால் சிர்கோனியாவின் பரப்பு பாஸ்பேட்டையும் கார்பாக்சிலேட்டையும் விடாமல் பிடித்துக்கொள்ளும், உங்கள் பொருளில் அவை இருந்தால் உச்சிகள் வால் நீண்டு வரும். அதே பிடிப்பை வேண்டுமென்றே பயன்படுத்திப் பாஸ்பேட் ஏறிய பெப்டைடுகளைத் தனியே பிரிக்கிறவர்களும் இருக்கிறார்கள்.

பந்துகளை உருட்டிப் பொடி அரைக்கும் பால் மில்லில் (ball mill) சிர்கோனியாப் பந்து ஏன்?

கனம், கன செ.மீ.க்கு ஏறத்தாழ 6 கிராம். உறுதி, தேய்வு குறைவு. எஃகுப் பந்து போட்டால் வெள்ளைப் பொடியில் இரும்பு கலந்து பழுப்பாகும், இதில் அந்தத் தொல்லை இல்லை.

ஆட்டோகிளேவ் (அழுத்த நீராவிக் கலம்), வெந்நீர் ஒன்றும் செய்யாதே?

இங்கேதான் கவனம் வேண்டும். உலையில் 1,500 டிகிரி தாங்கும் 3ஒய் வகை, 200 டிகிரி நீராவியில் நாளாவட்டத்தில் பலவீனமாகும். தண்ணீர் அந்த நாற்கோணத் துகள்களை மேற்பரப்பிலிருந்து ஒவ்வொன்றாக ஒற்றைச்சரிவுக்கு மாற்றிவிடுகிறது, நுண்விரிசல் உள்ளே போகிறது. 2001இல் இடுப்பு மூட்டுக்கு வைத்த சிர்கோனியா உருண்டைகள் பல உடைந்து, அந்தத் தயாரிப்பு திரும்பப் பெறப்பட்டபோதுதான் இதன் கனம் எல்லோருக்கும் உறைத்தது. நீர்வெப்ப வினைகளுக்கு டெஃப்லான் உறையே போதும்.

அமெரிக்கன் டைமண்ட் இதுதானா?

இதேதான், கனசதுர சிர்கோனியாவின் ஒற்றைப் படிகம். அதைச் செய்யும் முறையைக் கேட்டால் நீங்களும் வியப்பீர்கள். 2,700 டிகிரிக்கு மேல் உருகும் திரவத்தை எந்தப் பாத்திரத்தில் வைப்பது? மாஸ்கோவின் லெபடேவ் இயற்பியல் நிறுவனத்தில் 1970களின் தொடக்கத்தில் கண்ட வழி, பாத்திரத்தைத் தேடுவதையே விட்டுவிட்டது. நீர் ஓடும் செப்புக் குழாய்களை வட்டமாக நிறுத்தி, நடுவில் சிர்கோனியாப் பொடி, சுற்றிலும் ரேடியோ அலைவெண் சுருள். குளிர்ந்த பொடி அந்த அலையை ஏற்காது, அதனால் சிர்கோனியம் உலோகத் துண்டுகள் சிலவற்றை நடுவில் வைப்பார்கள், அவை சூடாகிச் சுற்றியுள்ள பொடியை உருக்கிவிட்டுத் தாமும் எரிந்து சிர்கோனியாவாகவே ஆகிவிடும், கலப்படம் இல்லை. செம்பை ஒட்டிய விளிம்புப் பொடி உருகாமல் ஓடாக நின்று தன் உருகலைத் தானே தாங்குகிறது. பிறகு மெல்ல ஆறவைத்தால் படிகம்.

திருச்சி, புதுக்கோட்டைப் பக்கம் செயற்கை வைரம் பட்டை தீட்டிய வீடுகளுக்கு இந்தக் கல் நன்கு பழக்கம். வைரத்திலிருந்து பிரித்தறிய எடையே போதும், அதே அளவு வைரத்தைப் போல ஒன்றரை மடங்குக்கு மேல் கனக்கும். கடைக்காரரின் வெப்பப் பேனாவும் கண்டுபிடித்துவிடும், வைரம் வெப்பத்தை விரைவாகக் கடத்தும், இது கடத்தாது. மாய்சனைட் கல் மட்டும் அந்தப் பேனாவை ஏமாற்றும்.

எங்கிருந்து வருகிறது?

சிர்க்கான் மணலிலிருந்து. கன்னியாகுமரி மாவட்டத்து மணவாளக்குறிச்சி, கேரளத்துச் சவறை, இலங்கையில் புல்மோட்டை என்று நம்மைச் சுற்றியே இருக்கிறது, இல்மனைட், மோனசைட் என்ற தாதுக்களோடு கலந்த கடற்கரைக் கருமணலில். இந்த ஆக்சைடையே முதலில் பிரித்தறிந்ததும் இலங்கைக் கல்லிலிருந்துதான், 1789இல் பெர்லினில் கிளாப்ரோத். மாத்தறை வைரம் என்று விற்றது நிறமற்ற சிர்க்கான். சிலிக்கேட்டாக இல்லாமல் ஆக்சைடாகவே கிடைக்கும் அரிய தாது பேடெலியைட், அதுவும் 1892இல் இறக்குவானையில் கண்டெடுத்தது.

மணலைக் காரத்தோடு உருக்கி, சிலிக்காவை நீக்கி, ஹைட்ராக்சைடாக வீழ்படிவாக்கிச் சுட்டால் சிர்கோனியா. கூடவே 2 சதவீதம் அளவுக்கு ஹாஃப்னியம் என்ற உலோகம் ஒட்டிக்கொண்டு வரும், இரண்டும் வேதியியலில் அவ்வளவு ஒத்தவை என்பதால் 1923 வரை அதை யாரும் பிடிக்கவில்லை. மூசைக்கும் வினையூக்கிக்கும் அது ஒரு பொருட்டே இல்லை. அணு உலைக்கு ஆகாது, ஹாஃப்னியம் நியூட்ரானை விழுங்கும், அதனால் தூத்துக்குடி பக்கம் பழையகாயல் ஆலையில் கரைப்பான் கொண்டு பிரித்தெடுத்த பிறகே உலோகமாக்குகிறார்கள். பொடி வாங்கும்போது 99.9 சதவீதம் என்று போட்டிருந்தால் பெரும்பாலும் அது சிர்கோனியாவும் ஹாஃப்னியாவும் சேர்த்துத்தான், தனியாக வேண்டுமென்றால் பகுப்பாய்வுச் சான்று கேளுங்கள்.

உடம்புக்குக் கெடுதலா?

சிர்கோனியா நச்சுத்தன்மை குறைந்த பொருள், பல்லில் வைக்கிறார்களே. ஆனாலும் நுண்பொடியை எடுக்கும்போது முகக்கவசம் போடுங்கள். சிர்க்கான் மணலில் கொஞ்சம் யுரேனியமும் தோரியமும் இருக்கும், மூட்டை மூட்டையாக அரைக்கும் இடங்களில் தூசியையும் கதிரியக்கத்தையும் கண்காணிக்க வேண்டும்.

பாத்திரத்தில் ஒட்டிய சிர்கோனியாவைக் கரைக்கப் போகிறவர்களுக்கு ஒரு வார்த்தை: சாதாரண அமிலங்களில் அசையாது, ஹைட்ரோஃபுளூரிக் அமிலம் கரைக்கும் என்று படித்துவிட்டு அதைக் கையில் எடுக்காதீர்கள், தோலில் பட்டால் உயிருக்கே ஆபத்து. பொட்டாசியம் பைசல்பேட்டோடு உருக்கி எடுங்கள், வேலை நடக்கும்.